மேல் வீட்டு அக்கேஷனலி

ஆல்வேஸ் நூறு சதவீதம், யூஷுவலி எண்பது, ஆஃபன் அறுபது, சம்டைம்ஸ் நாற்பது, ரேர்லி பத்து, நெவர் சைபர். இந்தப் பாடப்புத்தகத்தை எழுதியவன் அதற்கு முன்னால் எந்த மளிகைக் கடையில் தராசு பிடித்தானோ தெரியவில்லை. பக்கத்தில் ஓர் ஏணிப் படம் வேறு. மேல்படியில் ஆல்வேஸ் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறது, அடிப்படியில் நெவர் மூஞ்சியைத் தொங்கப்போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. ஆறு மணிக்கு டியூஷன் பிள்ளைகள் வந்ததும் நான் இந்த மேதாவித்தனத்தைத்தான் சொல்லித் தந்தாக வேண்டும். இரண்டு வேளையும் பல் விளக்குவாயா என்று கேட்டால் எல்லாம் ஆல்வேஸ் என்று கத்தும். கிட்டே வந்து கத்தினால் நெவர் என்று நம் மூக்கே சொல்லிவிடும். போன வாரம் ஒருத்தி, மை ஃபாதர் ரேர்லி பேத்ஸ் என்று எழுதியிருந்தாள், அவள் ஒருத்திதான் அந்த வகுப்பில் உண்மையை எழுதியவள். அதையும் அவள் அம்மா பார்த்துவிட்டு என்னிடம் வந்து, ஏங்க டீச்சர், வீட்டு விஷயத்தையெல்லாம் எழுதச் சொல்றீங்க என்று சண்டை பிடித்தாள். இந்த ஊரில் இங்கிலீஷைச் சண்டையில்லாமல் கற்றுத்தர வேண்டுமென்றால் பொய்யாகத்தான் கற்றுத்தர வேண்டும். முறத்தில் அரைக்கிலோ சின்ன வெங்காயம் கிடக்கிறது. உரித்துக்கொண்டிருக்கிறேன். கண் எரிகிறது, வெங்காயத்தால்தான். மணி நாலு ஆகப்போகிறது. நாலரைக்கு அவர்கள் வந்துவிடுவார்கள்.

வரட்டும். வந்து உட்கார்ந்து டீ குடிக்கட்டும். நேற்றுக் காலை புது நம்பரிலிருந்து போன். "அம்மிணி, டீச்சருங்களா? நான் சென்னியப்பன் பேசறனுங்க, சென்னிமலைப் பக்கமுங்க. உங்க மேல் வீட்டுத் தம்பி சஞ்சீவுக்கு எங்க புள்ளையப் பேசிட்டு இருக்கறமுங்க. நாளைக்கு அவங்க வீடு பாக்க வர்றோம். அதுக்கு மிந்தி உங்களை ஒரு எட்டு பாத்துட்டுப் போலாம்னுங்க." நம்பர் யார் கொடுத்தது என்றேன். கேட்டில் வண்டி போட்டிருக்கும் அயர்ன்காரர் கொடுத்தாராம். கீழ் வீட்டு டீச்சர் பொய் சொல்லமாட்டாங்க என்றும் சொன்னாராம். நல்ல சர்டிபிகேட். இந்த விசாரிப்பு என்கிற கூத்து இருக்கிறதே, இதைப்போல ஒரு வெட்கங்கெட்ட சடங்கு நம் ஜனங்களிடம் வேறு கிடையாது. பெண்ணைக் கொடுக்கிறவன் தெருத்தெருவாகப் போய் அயர்ன்காரரைக் கேட்பான், அண்ணாச்சி கடையில் கேட்பான், வாட்ச்மேனைக் கேட்பான், அசோசியேஷன் செகரட்டரியைக் கேட்பான். எல்லோரும் தங்கமான பையன் என்பார்கள். எல்லோர் வீட்டிலும் நாளைக்கு ஒரு கல்யாணம் வரும், அப்போது எதிராளியின் வாயிலிருந்தும் தங்கம் விழ வேண்டும் அல்லவா. இந்தக் கோயமுத்தூரில் இருக்கிற தங்கமான பையன்களையெல்லாம் உருக்கினால் பவுன் விலை பாதியாக இறங்கிவிடும். ஆயிரம் பொய் சொல்லியாவது ஒரு கல்யாணத்தைப் பண்ணி வை என்கிறார்கள். தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பதைச் சொல்லி முடித்துவிட்டு மிச்சம் ஒன்றுக்கு என்னிடம் வருகிறார்கள்.

செகரட்டரி வெரி டீசண்ட் ஃபேமிலி என்றானாம். அவனுக்கு மாதப் பணம் ஐந்தாம் தேதிக்குள் கொடுக்கிறவர்கள் எல்லோருமே வெரி டீசண்ட் ஃபேமிலிதான். அவனே சொன்னான், "கேட்டாங்க டீச்சர், டிரிங்க்ஸ் பழக்கம் உண்டான்னு. அக்கேஷனலின்னு சொன்னேன். சரியாச்சா?" சரியாச்சு. நம் ஊரில் குடிக்கிறவன் எவனும் இல்லை. குடிப்பான் என்று தமிழில் சொன்னால் சாராயக்கடை வாசலில் வேட்டி அவிழ்ந்து கிடக்கிறவன் கண்ணுக்கு வருவான். அக்கேஷனலி என்றால் கண்ணாடி டம்ளரும் ஐஸ்கட்டியும் கம்பெனி பார்ட்டியும் வருகிறது. அதே தண்ணி, அதே வாந்தி. தமிழில் அழுக்கானதை இங்கிலீஷில் முக்கி எடுத்தால் வெள்ளை வெளேரென்று வந்துவிடுகிறது. கோபக்காரன் என்று யாரும் சொல்வதில்லை, சம்டைம்ஸ் டென்ஷன் ஆவார். வேலையில்லாதவன் என்று சொல்வதில்லை, ரேர்லி ஆபீஸ் போவார், மத்தபடி வொர்க் ஃப்ரம் ஹோம். எங்கள் வீட்டுக்காரர் வாயைத் திறந்து பேசுவதே கிடையாது, அதற்கு அவருடைய அக்கா, தம்பி யூஷுவலி ரிசர்வ்டு என்று சொல்லித்தான் என்னைக் கட்டி வைத்தாள். இருபத்துநாலு வருஷமாக அந்த யூஷுவலியோடு குடும்பம் நடத்திக்கொண்டிருக்கிறேன். நேற்று ராத்திரி சோறு போடும்போது கேட்டேன், அவங்க வந்து கேட்டா என்னங்க சொல்லட்டும் என்று. ரசத்தை ஊற்றிக்கொண்டு, "நமக்கெதுக்கு? நாளைக்கு மூஞ்சில முழிக்க வேண்டாமா?" என்றார். அவ்வளவுதான். அப்பளம் கேட்டார். நமக்கெதுக்கு என்று ஒரு வார்த்தை இருக்கிறதே, அதற்கு இங்கிலீஷே வேண்டாம், அது தமிழிலேயே சுத்தமாகத்தான் இருக்கிறது.

நெய் வாசனை வருகிறது. மேலே சஞ்சீவின் அம்மா கேசரி கிளறுகிறாள். சமையல்கட்டு ஜன்னல் வழியாக அவள் வீட்டு ஏலக்காய் என் வெங்காயத்தில் வந்து விழுகிறது. எட்டு வருஷமாக என்ன சமையல் என்று கேட்காமலே எனக்குத் தெரியும், எங்கள் வீட்டுச் சமையலும் அவளுக்குத் தெரியும். வாசனை மட்டுமா இறங்குகிறது. காங்கிரீட் மூணரை அங்குலம்தான், பில்டர் அடித்த கொள்ளையில் சத்தத்துக்கு ஏது தடுப்பு. நாற்காலி இழுபடுவது கேட்கும். தம்ளர் விழுவது கேட்கும். தம்ளர் விழுவதற்கும் எறிவதற்கும் வித்தியாசம் உண்டு, விழுந்தது நாலு குதி குதித்து உருண்டு அடங்கும், எறிந்தது ஒரே சத்தத்தில் நின்றுவிடும். அப்புறம் ஒரு மொத்தமான சத்தம், அரிசி மூட்டையைத் தரையில் போட்டதுபோல. அதற்கப்புறம் ஒன்றுமே கேட்காது. கத்தமாட்டாள். அதுதான் எனக்கு ஆத்திரம். கத்தித் தொலையேன். கத்தினால் மூன்று மாடிக்கும் கேட்கும், செகரட்டரியின் டீசண்ட் ஃபேமிலி டீசண்டாகச் சந்திக்கு வரும். கத்தமாட்டாள். ஒட்டடைக் கம்பை எடுத்து நான்தான் கூரையில் இரண்டு தட்டுத் தட்டுவேன். உடனே நின்றுவிடும். மறுநாள் படிக்கட்டில் பார்த்தால், "நேத்து டி.வி. சத்தம் ஜாஸ்தியாப் போச்சுங்களா டீச்சர்" என்பாள். ஆமாங்க, கொஞ்சம் ஜாஸ்திதான் என்பேன். என்ன நாடகம். இரண்டு பேருக்கும் மேக்கப் மட்டும்தான் பாக்கி.

நேற்று மத்தியானம் அவளே வந்தாள். தெய்வானை, ஐம்பத்தெட்டு வயசு. இந்தச் சித்திரை வெயிலில் முழங்கை தாண்டி நீளக் கை வைத்த ரவிக்கை. கையில் எவர்சில்வர் தூக்கு, அதில் பச்சைப்பயறுப் பாயசம். எனக்குப் பாயசம் கொண்டுவருகிறவர்களைக் கண்டாலே பயம், அதுவும் நாள் கிழமை இல்லாத நாளில். உட்காரவில்லை, நின்றுகொண்டே சொன்னாள். "நாளைக்குப் பொண்ணு ஊட்டுக்காரங்க வர்றாங்களாமுங்க டீச்சர். உங்ககிட்ட வந்து கேப்பாங்க. நல்லபடியா நாலு வார்த்தை சொல்லிப்போடுங்க." என்ன சொல்லட்டும் என்றேன். குடிக்கறதைப் பத்திக் கேட்டா அக்கேஷனலின்னு சொல்லுங்க என்றாள். அந்த வார்த்தையை மகனிடமிருந்து கற்றிருக்கிறாள், தப்பில்லாமல் வருகிறது. சரி, அது சொல்கிறேன், மத்தது என்றேன். எந்த மத்தது என்று அவள் கேட்கவில்லை. தூக்குமூடியைத் திருகிக்கொண்டே நின்றாள். பிறகு, "அதுவுமே அக்கேஷனலிதானுங்களே டீச்சர்" என்றாள்.

எனக்கு அவளை அறைய வேண்டும்போல் இருந்தது. அடி வாங்குகிறவளைப் பார்த்து அறைய வேண்டும்போல் இருக்கிற மனசு என்ன மனசு, ஆனால் இருந்தது, இல்லையென்று எதற்குச் சொல்ல வேண்டும். ஒரு கால்கட்டுப் போட்டுட்டா அடங்கிப்போடுவானுங்க என்றாள். எல்லா ஊர் அம்மாக்களும் மனப்பாடம் செய்து வைத்திருக்கிற வாக்கியம். அடங்காவிட்டால் என்றேன். அப்போதுதான் அதைச் சொன்னாள். மெதுவாக, நியாயமான ஒன்றைச் சொல்வதுபோல. "எனக்கு முன்ன மாதிரி ஒடம்பு தாங்கறதில்லைங்க டீச்சர். அந்தப் புள்ளைக்கு இருபத்தஞ்சு வயசுதானுங்க. சின்ன ஒடம்பு, தாங்கிக்குமுங்க." தாங்கிக்குமாம். வேலைக்கு ஆள் மாற்றி விடுகிறாள். சம்பந்தம் பேசவில்லை, இவள் தன் இடத்துக்கு ஒருத்தியைத் தேடுகிறாள். ஜாதகம் பார்த்து, பத்துப் பொருத்தம் பார்த்து, அரண்மனைக்கிளி மாதிரி ஒரு பெண்ணைக் கொண்டுவந்து தன் முதுகுக்கு முன்னால் நிறுத்தப்போகிறாள். சீ என்று வந்தது. சீ என்று சொல்லவில்லை. பாயசத்தை வேறு பாத்திரத்தில் ஊற்றிக்கொண்டு, தூக்கைக் கழுவி, காலியாகக் கொடுக்கக்கூடாதே என்று நாலு வெல்லக்கட்டி போட்டுக் கொடுத்தேன். வெறும் தூக்கைக் கொடுத்தால் ஆகாதாம். அதெல்லாம் சரியாகத் தெரிகிறது நமக்கு.

வெங்காயத்தில் பாதி அழுகல். எடை போடும்போது கடைக்காரன் நல்லதாக மேலே வைத்துக் காட்டுகிறான். தாங்கிக்கும். அந்த ஒரு வார்த்தை நேற்றிலிருந்து காதைவிட்டுப் போகவில்லை. ஆனால் அவளும் என்ன செய்வாள் என்று ஒரு பக்கம் தோன்றுகிறது, தோன்றினதும் எனக்கு என்மேலேயே எரிச்சல் வருகிறது. நான் உண்மையைச் சொன்னால் கல்யாணம் நின்றுபோகும், அந்தப் பெண் தப்பிப்பாள், இவள் மாட்டுவாள், அதுவும் இன்றைக்கே. கல்யாணம் நின்ற கோபத்தைச் சஞ்சீவ் எங்கே போய் இறக்குவான், அயர்ன்காரரிடமா. சொல்லாவிட்டால் இவளுக்கு விடிவு, அந்தப் பெண்ணுக்கு இருட்டு. இரண்டு முதுகுகளில் எந்த முதுகு என்று என்னைக் கேட்கிறார்கள். நான் யார் கேட்க, யார் சொல்ல, ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஆஃபன் அறுபது சதவீதம் என்று சொல்லித் தருகிறவள். அவனைப் பார்த்தால் யாரும் நம்பமாட்டார்கள். தண்ணீர் கேனை நான் தூக்கினால் பிடுங்கிக்கொண்டு வந்து வைப்பான். சட்டையில் கம்மென்று வாசனை. ஆன்ட்டி ஆன்ட்டி என்று குழைவான். மூன்றாவது தடவை கூரையைத் தட்டியதற்கு மறுநாள் லிஃப்டில் சிரித்துக்கொண்டே கேட்டான், "ஆன்ட்டி, ரெசிடென்ஷியல் ஃப்ளாட்ல டியூஷன் எடுக்க அசோசியேஷன் பர்மிஷன் வாங்கணும் தெரியுங்களா? யாரும் கம்ப்ளெயிண்ட் பண்ணாத வரைக்கும் பிரச்சனை இல்லை." அந்தச் சிரிப்பு. பல் வரிசை அத்தனை அழகு. பயந்தேன், பயந்துகொண்டிருக்கிறேன், இந்த நிமிஷமும் பயமாகத்தான் இருக்கிறது. காலிங் பெல் அடிக்கிறது. கையெல்லாம் வெங்காய நாற்றம்.

இரண்டு பேர். சென்னியப்பன் கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை, பாக்கெட்டில் இரண்டு பேனா. அவர் மனைவி பின்னால், அரக்குப் பட்டு, வாய் திறக்காதவள். அவர் சோபாவில் உட்கார்ந்தபடியே வீட்டை அளந்தார், நான் அவரை அளந்தேன். டீ போட்டுக் கொண்டுவந்தேன். ஊர்க்கதை, மஞ்சள் விலை, மழை. பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, "தம்பி எப்பிடிங்க அம்மிணி, தங்கமான பையன்னு எல்லாரும் சொல்றாங்க" என்றார். பதிலையும் அவரே கொண்டுவந்திருக்கிறார், என் கையெழுத்து மட்டும்தான் வேண்டும். தண்ணிகிண்ணி உண்டுங்களா என்றார். அக்கேஷனலி என்றேன். வாயிலிருந்து வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது, எண்ணெய் போட்ட மாதிரி. மனுஷர் முகம் மலர்ந்தது. "பாத்தியா, நாஞ் சொன்னனல்ல, அக்கேஷனலிதான்னு" என்று மனைவியிடம் சொன்னார், ஏதோ மெடல் வாங்கினதைப்போல. இந்தக் காலத்துல அதுகூட இல்லாத பையனுக்கு எங்கீங்க போறது என்று எனக்கும் சொன்னார். சிகரெட் என்றார், இல்லை என்றேன். பொம்பளைப் பழக்கம் என்று கேட்கக் கூசி, பிரண்ட்ஸ் கிண்ட்ஸ் என்றார், தெரியாது என்றேன். லோன் ஏதாச்சும் என்றார். அம்மா ரொம்ப ஆசாரமுங்களா என்றார். அத்தனை கேள்விக்கும் நான் உண்மையைத்தான் சொன்னேன். ஒரு பொய்கூட இல்லை. நாள் பூராவும் இப்படியே உட்கார்ந்து அவர் கேட்டுக்கொண்டும் நான் உண்மையே சொல்லிக்கொண்டும் இருக்கலாம், அந்த ஒன்றின் பக்கத்தில்கூடப் போகமாட்டோம். நெல்லுக்கு ஈரம் பார்த்து, மாட்டுக்குப் பல் பார்த்து, வண்டிக்கு டயர் பார்த்து வாங்குகிற மனுஷர், மருமகன் கையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அப்புறம் என்ன, மேல போலாங்களா, காத்திட்டிருப்பாங்க என்று துண்டை எடுத்துத் தோளில் போட்டார். அப்பாடா என்று எனக்குள் ஒன்று உட்கார்ந்தது.

மேலே நாற்காலி இழுபட்டது. வெறும் நாற்காலிதான், வருகிறவர்களுக்காக ஹாலில் எடுத்துப் போட்டிருப்பார்கள். ஆனால் என் தோள் தூக்கிப்போட்டது, தலை தானாக அண்ணாந்தது, அடுத்த சத்தத்துக்காகக் காது நின்றது. அடுத்தது வரவில்லை. தலையைக் குனிந்தபோது அந்த அம்மாள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். டீயைத் தொட்டிருக்கவில்லை, ஆடை படிந்திருந்தது. "ஏனுங்க அம்மிணி மேல பாத்தீங்க?" என்றாள். அதுதான் அவள் பேசிய முதல் வார்த்தை. ஒண்ணுமில்லைங்க, சத்தம் என்றேன். "நாக்காலி இழுத்ததுக்கா?" என்றாள். குரலில் அதட்டல் இல்லை. தெரிந்த ஒன்றைச் சரிபார்ப்பவள்போலக் கேட்டாள். என் வீட்டுக்காரர் அப்பளம் கேட்டது ஞாபகம் வந்தது, அவன் லிஃப்டில் சிரித்த பல் ஞாபகம் வந்தது, தாங்கிக்கும் ஞாபகம் வந்தது. இங்கிலீஷில் ஏதாவது வருமா என்று பார்த்தேன், நாக்கு அதற்குத்தான் பழகியிருக்கிறது. வரவில்லை. "அவன் அவங்கம்மாவை அடிக்கறானுங்க" என்றேன். அவ்வளவு சின்ன வாக்கியம். எழுவாய், செயப்படுபொருள், பயனிலை.

சென்னியப்பன் துண்டை எடுத்து மறுபடியும் மடியில் வைத்தார். யோசித்தார். ஏமாந்துவிட்டோம் என்று எழுவார், ஐயோ என் மகளே என்பார் என்றுதான் நான் பைத்தியக்காரி எதிர்பார்த்தேன். அவர் நிதானமாக, எருவுக்கு என்ன விலை என்று கேட்கிற மாதிரி, "அடிக்கடியுங்களா, இல்லை எப்பவாவதுங்களா?" என்றார். ஏணிப்படம்தான். இவருக்குள்ளும் அதே ஏணிப்படம்தான், எந்தப் படிவரை பரவாயில்லை என்று குறித்து வைத்திருக்கிறார். நான் பேசாமல் இருப்பதைப் பார்த்து எப்பவாவதுதான் என்று அவரே முடிவு செய்துகொண்டார். "இல்லீங்க அம்மிணி, ஒத்தைப் பையன், அப்பன் இல்லாம வளந்தவன், ஆத்திரத்துல கை நீளறதுதான். நாங்கூட எப்பவாவது இவளை ஒண்ணு ரெண்டு வெச்சிருப்பனுங்க. மூணு புள்ளைகளைப் பெத்துட்டு நல்லாத்தான இருக்கறா" என்று சிரித்தார். சிரிப்பில் கபடமே இல்லை. அதுதான் பொறுக்க முடியவில்லை. அந்தக் கஞ்சிச் சட்டையைப் பிடித்து இழுத்து வெளியே தள்ள வேண்டும்போல் இருந்தது.

அந்த அம்மாள் டம்ளரை எடுத்து, ஆடையை விரலால் ஒதுக்கி, டீயை முழுவதும் குடித்தாள். ஆறிப்போன டீ. குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தாள். "நெதமும் அடிச்சாக்கூட இந்நேரத்துக்குன்னு தெரிஞ்சு இருந்துக்கலாமுங்க" என்றாள், அவரைப் பார்க்காமல் என்னிடம். "எப்பவாவதுன்னா எப்பன்னே தெரியாதுங்களே. சோறு போடறப்பவும் பயம், பேப்பர் படிச்சிட்டு இருக்கறப்பவும் பயம், நல்லாச் சிரிச்சிட்டு இருக்கறப்ப இன்னும் பயம். முப்பது வருசமா எனக்கு நெதமுந்தானுங்க." சென்னியப்பன், ஏய், என்ன பேசற, அடுத்தவங்க ஊட்ல என்றார். அவள் எழுந்துவிட்டாள். "மேல போக வேண்டாம். நம்ம புள்ளை மிருதுளாவுக்கு இந்த இடம் வேண்டாம். வண்டியை எடுங்க." சொல்லிக்காமப் போனா மரியாதையா இருக்குமா, கேசரியெல்லாம் கிண்டி வெச்சிருப்பாங்க என்று அவர் முனகினார். போன்ல சொல்லிக்கலாம் என்றாள். வாசலில் செருப்பை மாட்டும்போது அவர் முகம் வெளுத்திருந்தது. அவள் முகமும் வெளுத்திருந்தது. வண்டியில் ஏறினபிறகு அவளுக்கு என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியாது, அவளுக்கும் தெரியாது, தெரியாமலேதான் ஏறினாள்.

கார் கேட்டைத் தாண்டுகிற சத்தம் கேட்டது. நான் சோபாவிலேயே உட்கார்ந்திருக்கிறேன். பெரிய காரியம் செய்துவிட்டாய், எழுந்து போய் வெங்காயத்தை உரி. அந்தப் பெண் தப்பித்தாள். அவள் முகம்கூட எனக்குத் தெரியாது, போட்டோகூடப் பார்த்ததில்லை. இனி அவர் அவினாசி ரோட்டைத் தொடுவதற்குள் போன் போடுவார், மரியாதை தெரிந்த மனுஷர். வேண்டாமுங்க தம்பி, ஜாதகத்துல ஒரு சின்ன இது என்பார். அவன் முட்டாளா, கீழே வந்துவிட்டு மேலே வராமல் போனார்கள் என்று தெரியாதா. டியூஷன் போகும். போகட்டும். ரேர்லி பத்து சதவீதம் என்று இனி யாருக்கும் சொல்லித் தராமல் இருந்தால் எனக்கும் புண்ணியம். ஆனால் அதெல்லாம் நாளைக்கு. இன்றைக்கு அவன் கைக்கு எட்டுகிற தூரத்தில் இருப்பது நான் இல்லை. நமக்கெதுக்கு என்று ஒரு குரல், வீட்டுக்காரர் குரல் இல்லை, என் குரல்தான், சுத்தமான தமிழில். நெய் வாசனை இன்னும் வந்துகொண்டிருக்கிறது. முந்திரி வறுக்கிறாள், மேலே தூவ. தாங்கிக்கும் என்று சொன்னவள்தானே, அனுபவிக்கட்டும். அப்படித்தான் நினைத்தேன், நினைத்துக்கொண்டே எழுந்துவிட்டேன். கதவைச் சாத்தவில்லை. லிஃப்டுக்கு நிற்கவில்லை. படியில் ஏறும்போது, இவளுக்காக ஏறுகிறாயே, இவளைப் போய், என்று திட்டிக்கொண்டேதான் ஏறினேன், அவளையா என்னையா என்று தெரியவில்லை.

பெல் அடித்ததும் கதவு திறந்தது, கதவுக்குப் பின்னாலேயே நின்றிருப்பாள்போல. தலையில் பூ வைத்திருந்தாள். முகமெல்லாம் சிரிப்பு. "வந்துட்டாங்களா டீச்சர்?" என்று என் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். படிக்கட்டு காலியாக இருந்தது. மறுபடியும் என் முகத்தைப் பார்த்தாள். சிரிப்பு போக நேரமாயிற்று, வாய் மூடிய பிறகும் கன்னத்தில் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தது. நான் சொல்லிட்டேங்க என்றேன். ஏன் சொன்னீங்க என்று கேட்கவில்லை, நாசமாப் போவே என்று மண்ணை வாரித் தூற்றவில்லை. தூற்றியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். உள் அறையில் போன் அடித்தது. "ஹலோ, சொல்லுங்க மாமா" என்று அவன் குரல், தேனாக. அவள் தோள் தூக்கிப்போட்டது. "நீங்க என்னோட கீழ வாங்க. இப்பவே. எங்க வீட்ல இருங்க" என்றேன். உள்ளே அந்தத் தேன் குரல், "ஏன் மாமா? யார் என்ன சொன்னாங்க?" என்றது.

"எத்தனை நாளைக்குங்க டீச்சர்?" என்றாள் தெய்வானை.

தெரியாது என்றேன். அவள் குனிந்து வாசலில் கிடந்த செருப்புகளில் தன்னுடையதைத் தேட ஆரம்பித்தாள்.